அத்தாவின் சுத்தியலும் வாசலில் நிற்கும் பெட்டி வண்டியும்



ராஜபாளையத்தில் நம் இல்லத்து வாசலில் நிற்கும் வண்டியைக் குறித்து, ஓத வரும் பிள்ளைகள் முதல் ஜமாஅத்துப் பெரியவர்கள் வரை கேட்காதவர் இல்லை. "என்ன ஹஜ்ரத், பால்கோவா யாவாரம் ஆரம்பிக்கப் போறீங்களா?" என்றார் ஒரு பெரியவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் ஊரில், பெட்டி கட்டிய வண்டியைக் கண்டால் பால்கோவா நினைவுக்கு வருவது இயல்புதான். வியாபாரம் ஏதும் இல்லை என்று அவருக்குச் சொன்னோம். அது நம் அத்தாவின் படுக்கையறை. சக்கரத்தின் மேல் இருக்கிறது, அவ்வளவே.

அத்தா முப்பத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். இவ்வூர் ஆலைகளின் நூல் மூட்டைகளை பிவண்டிக்கும் இச்சல்கரஞ்சிக்கும் ஏற்றிச் சென்று, திரும்பும்போது நாசிக்கில் வெங்காயம் ஏற்றி வருவார். மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் தங்குவார். அந்த நாள்களிலும் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஏதாவது ஒன்றை முடுக்கிக்கொண்டிருப்பார். அருகில் சென்று ஸ்பேனரைத் தொட்டால் கையில் ஓர் அடி விழும். "இந்தக் கையி கிதாபு பிடிக்கணும்லே" என்பார். பதினொரு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு நம்மை மதரஸாவில் கொண்டு சேர்த்தவரும் அவரே. ஆகவே ஓதினோம், ஓதிக் கொடுக்கிறோம். ஆனால் நாற்பது வயது வரை ஒரு பல்பை மாற்றுவதற்குக்கூட எலக்ட்ரீஷியனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்கள் நாம் என்பதை மறைப்பதில் பயனில்லை.

2021-இல் அத்தாவுக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பேச்சு குழறியது. அல்லாஹ்வின் அருளால் நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. ஒரு மணி நேரம் சாய்ந்து உட்காருவார், பிறகு படுத்தாக வேண்டும். பேருந்தில் அழைத்துச் செல்ல வழியில்லை. வாடகைக் கார் எடுத்தாலும் மதுரை மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் வலி பொறுக்க முடியாமல் அழுதுவிடுவார். கல்கத்தா வரை தனியாக லாரி ஓட்டிச் சென்ற மனிதர், நான்கு சுவர்களுக்குள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு நாள் சாளரத்துக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. "லேலண்டு" என்றார். அன்று அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

மறு ஆண்டு நம் மச்சான் தம் குட்டி யானையை விற்க முன்வந்தார். பேண்டேஜ் துணி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அது. நமக்கு அவர் தர வேண்டிய தொகைக்கு ஈடாக அதை ஏற்றுக்கொண்டோம். 2005-இல் டாடா நிறுவனம் ஏஸ் என்ற பெயரில் இறக்கிய இந்தச் சிறு வண்டிக்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தது நம் மக்களே. 702 சி.சி. கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத் திறன், முக்கால் டன் சரக்கு. சரக்குத் தட்டு ஏறத்தாழ ஏழடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் உடையது. ஒரு மனிதர் நீட்டிப் படுக்க அது போதும் என்று நம் இளைய மகன்தான் முதலில் சொன்னான்.

அவன் தொலைபேசியில் ஒரு படமும் காட்டினான். நாமக்கல்லைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் இளம் கட்டடக் கலைஞர் 2019-இல் சென்னையில் ஒரு பழைய ஆட்டோவின் மீது, 36 சதுர அடியில், ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய்ச் செலவில் ஒரு வீட்டையே எழுப்பியிருக்கிறார். படுக்கை, சமையலிடம், கழிப்பறை, கூரையில் 600 வாட் சூரியத் தகடு, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. வியந்து போனோம். அத்தாவிடம் காட்டியபோது அவர் வியக்கவில்லை. இடக்கையால் திரையைத் தட்டி, "தண்ணியே 250 கிலோ. ஆட்டோ தாங்குமா?" என்றார். வண்டி விஷயத்தில் அவர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் எடையைப் பற்றியதுதான்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டக் கூடாது என்கிறது. சரக்கு வண்டியின் பின்புறத்தில் ஆளை ஏற்றி ஓட்டுவதும் கூடாது. கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் நம் மக்கள் குட்டி யானையில் அடைந்து செல்வதை அன்றாடம் பார்க்கிறோம். பார்த்துப் பழகிவிட்டதால் அது ஆகுமானதாகிவிடாது. ஆகவே, வண்டியோடு எதையும் பற்றவைக்கவில்லை. பெட்டியைத் தனியே செய்தோம். தட்டின் மேல் ஏற்றிக் கட்டினால் அது ஒரு சுமை. நான்கு பேர் பிடித்தால் இறங்கிவிடும். ஓடும்போது அத்தா முன்னிருக்கையில் நம் பக்கத்தில் இருப்பார். முக்கால் மணிக்கு ஒருமுறை நிழல் பார்த்து நிறுத்துவோம். பெட்டிக்குள் அவரைப் படுக்க வைப்போம். வலி அடங்கியதும் மீண்டும் புறப்படுவோம். இல்லத்தாரும் பிள்ளைகளும் பேருந்தில் வந்து சேருவர். "வண்டி வாங்கியும் எங்களுக்குப் பஸ்ஸுதானா?" என்று நம் மகள் இன்றும் கேட்கிறாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொல்லப் பதில் ஒன்றும் நம்மிடம் இல்லை.

பெட்டியின் எலும்புக்கூடு இரும்புச் சதுரக் குழாய். அதை மட்டும் பட்டறையில் பற்றவைத்து வாங்கினோம். சுவருக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட், கூரைக்குத் தகரம், தகரத்துக்கு அடியில் தெர்மாகோல். மற்றவற்றை எல்லாம் நம் கையாலேயே செய்வது என்று நிய்யத் வைத்தோம். பணம் இல்லாமை ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அப்போது நாமே அறியவில்லை. சக்கர நாற்காலியில் வாசலில் அமர்ந்து அத்தா பார்த்துக்கொண்டிருந்தார். நாம் திருகாணியைத் தப்பாகப் பிடிக்கும்போதெல்லாம் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் கழற்று.

கூரையில் செய்த தவறு இது. நெளிதகரத்தின் பள்ளத்தில் திருகாணியை இறக்கினோம், பலகை அங்கேதான் ஒட்டி இருக்கிறது என்பதால். முதல் மழையிலேயே மெத்தை நனைந்தது. சிலிகான் பசையை அப்பினோம். சித்திரை வெயிலில் அது தோலாக உரிந்து வந்தது. ஊன்றுகோல் இரண்டு முறை தட்டியது. "தண்ணி எங்க ஓடும்?" என்று கேட்டார். பள்ளத்தில். "ஆணி எங்க இருக்கணும்?" மேட்டில். நாற்பத்தாறு துளைகளையும் அடைத்து, மேட்டில் புதிதாகத் துளையிட்டு, ஒவ்வொரு திருகாணிக்கும் ரப்பர் வாஷர் கொடுத்து முடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அன்று முதல் ஒரு சொட்டு இறங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நாற்காலியை ஏற்றும் சாய்வுப் பலகையிலும் அப்படித்தான். தட்டு இரண்டடிக்கு மேல் உயரம். ஐந்தடிப் பலகை போதும் என்று எண்ணினோம். முதல் முறை தள்ளியபோதே நம் கால் வழுக்கி, நாற்காலி பின்னோக்கி வந்து நெஞ்சில் இடித்தது. அத்தா விழவில்லை. இப்போது எட்டடிப் பலகை, குறுக்கே சட்டங்கள், எப்போதும் இரண்டு ஆள்.

சுமையை எங்கே வைப்பது என்பதையும் அவரே வகுத்தார். பாட்டரி, தண்ணீர்க் கேன்கள், கருவிப் பெட்டி யாவும் கேபினுக்குப் பின்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும். கனத்தை வால் பக்கம் வைத்தால் முன்சக்கரம் இலேசாகிவிடும், அப்புறம் ஸ்டீரிங் பேசாது என்றார். தண்ணீருக்கு இருபது லிட்டர்க் கேன் இரண்டு, ஒன்றில் சிறு குழாய். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பதை ஆண்டுதோறும் பாடத்தில் நடத்துகிறோம். இரு கைகளைச் சேர்த்து அள்ளும் அளவு அது. கேனைச் சுமந்து ஏற்றியவனுக்குத்தான் அந்தப் பாடம் விளங்கும் போலும். பள்ளிவாசல் ஹவுளில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதை பேசும் நம் மாணவர் இருவரை ஒரு நாள் அந்தக் கேன்களைத் தூக்க வைத்தோம்.

மின்சாரத்துக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேவை குறைவு. 25 வாட் நேர்மின் விசிறி ஒன்று, ஐந்து வாட் விளக்கு இரண்டு. எட்டு மணி நேரம் விசிறியும் நான்கு மணி நேரம் விளக்குகளும் ஓடினால் 240 வாட்-மணி. 12 வோல்ட்டில் அது 20 ஆம்பியர்-மணி. ஈய பாட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 60 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று வாங்கினோம். முதலில் சூரியத் தகடு இல்லை. வண்டியின் பாட்டரியிலிருந்து ஒரு தடித்த கம்பியைத் தட்டின் இரும்பில் துளையிட்டுப் பெட்டிக்குள் கொண்டு சென்றோம். வண்டி ஓடும்போது இரண்டும் சேர்ந்து நிரம்பும். நிறுத்தியதும் ஒரு சுவிட்சால் பிரித்துவிடுவோம்.

அந்நேரத்தில்தான் மதுரை விபத்து. 2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலையில், லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் ரயில் பெட்டி மதுரை நிலையத்தருகே தனியே நின்றிருந்தபோது தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையில் தேநீர் தயாரிக்கப்போய் நேர்ந்த தீ என்று ரயில்வே கூறியது. கதவடைத்த சிறு இடமும் எரிவாயுவும் ஒன்று சேரக் கூடாது. அன்றே நம் பெட்டியில் வைத்திருந்த சிறு உருளையையும் அடுப்பையும் இறக்கி வீட்டுக்குள் வைத்தோம். தேநீர் பிளாஸ்க்கில், கஞ்சி தூக்குவாளியில். ஜும்ஆவுக்குப் பின் நண்பர்களிடம் இதைப் பெருமையாகக் கூடச் சொன்னோம்.

நவம்பரில் ஓர் இரவு. இளைய மகன் பதினான்கு வயதினன், பெட்டிக்குள் படுத்துக்கொள்ள ஆசைப்பட்டான். வாசலில்தானே நிற்கிறது என்று விட்டோம். நள்ளிரவுக்குப் பின் அத்தாவின் அறையிலிருந்து தட்டும் ஓசை கேட்டது. ஒன்று, இரண்டு என்று அல்ல, ஓயாமல். ஓடினோம். கட்டிலின் ஓரத்தில் பாதி சரிந்து கிடந்தார். "வயரு... வயரு..." என்றார். நமக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. சாளரம் வழியே அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, ரப்பர் கருகும் வாடை. வாசலுக்கு ஓடிக் கதவைத் திறந்தால் பெட்டிக்குள் புகை. பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை இழுத்து வெளியே போட்டோம். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். "மைனஸைக் கழட்டு!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பக்கவாதம் கண்டபின் அவ்வளவு தெளிவாக அத்தா பேசி நாம் கேட்டதில்லை. பெட்டி பாட்டரியின் நெகட்டிவ் முனையை ஒரு துணியால் பிடித்து இழுத்தோம். கையில் கொப்புளம் வந்தது. புகை நின்றது.

காலையில் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. தட்டில் நாம் இட்ட துளையின் விளிம்பு பிளேடு போல் கூராக இருந்தது. வண்டி குலுங்கக் குலுங்க அது கம்பியின் உறையை மெல்ல அறுத்திருக்கிறது. இரவில் பிள்ளை ஏறிப் படுத்தபோது பெட்டி சற்று அமுங்கி, செம்பு இரும்பைத் தொட்டுவிட்டது. சுவிட்சைப் பிரித்தே வைத்திருந்தோம். ஆனால் சுவிட்ச் இருந்தது வண்டி பாட்டரியின் பக்கம். கம்பியின் மறு முனையில் நாம் வாங்கி வைத்த பாட்டரி முழுதாக நிரம்பி இருந்தது. இடையில் ஒரு பியூஸ் கூட இல்லை. அது பத்து ரூபாய்ப் பொருள்.

அத்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அன்று முழுதும் இல்லத்தார் நம்மோடு பேசவில்லை. நாம் பெட்டிக்குள் அமர்ந்து கருகிய பிளைவுட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். எரிவாயுவை இறக்கிவிட்டோம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருந்தோம்! ஸபஃ சூராவில் தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கிக் கொடுக்கப்பட்டதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். கவச வளையங்களின் அளவைச் சரியாகக் கணிக்குமாறும் அங்கே கட்டளை வருகிறது. அற்புதத்தை விரிவாகச் சொல்வோம், அளவைப் பற்றிய கட்டளையை ஒரு வரியில் கடந்துவிடுவோம். பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

மாலையில் அத்தா நாற்காலியை வாசலுக்குத் தள்ளச் சொன்னார். "ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கு. ரெண்டு பக்கமும் பியூஸ் வேணும்" என்றார். பாட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் இருக்கும் கம்பியை எதுவும் காப்பாற்றாது. கம்பி தாங்கும் ஆம்பியருக்குக் குறைவான பியூஸைத்தான் போட வேண்டும், விசிறி அடிக்கடி நிற்கிறதே என்று பெரிதாக மாற்றக் கூடாது. இரும்பில் இட்ட ஒவ்வொரு துளையையும் அரத்தால் மழுக்கி ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். கம்பி முழுதும் நெளிகுழாய்க்குள் ஓட வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு கட்டு. இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தார். நாம் மாணவனைப் போலக் குறித்துக்கொண்டோம். பிறகு அந்தக் கம்பியையே எடுத்துவிட்டு, கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்றை வைத்துவிட்டோம். நம் வெயிலுக்கு அது தாராளம். பியூஸ்களை அங்கும் போட்டிருக்கிறோம்.

எதை நாம் செய்வது, எதைத் தெரிந்தவரிடம் கொடுப்பது என்ற கோடும் அன்றுதான் கிழிக்கப்பட்டது. எண்ணெய் மாற்றுவது, டீசல் பில்டரில் தங்கும் தண்ணீரை வடிப்பது, கிரீஸ் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடிப்பது, பெட்டி வேலை, விளக்கு, கூரை இவை நம் கை. பிரேக்கும் ஸ்டீரிங்கும் மெக்கானிக்கின் கை. ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரக் குடத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்க அத்தா பழக்கியிருந்தார். ஒரு முறை இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தது. பிரேக் முழுதாக விடவில்லை. நாமே கழற்றுகிறோம் என்றோம். ஊன்றுகோல் ஒரு முறை தட்டியது. தென்காசி சாலைப் பட்டறைக்குப் போனோம். "பாய், நல்ல வேளை வந்தீங்க, வீல் சிலிண்டர் பிடிச்சுப் போச்சு" என்றார் மெக்கானிக்.

டிசம்பரில் அத்தாவை வெளியே அழைத்துச் செல்ல நாள் குறித்திருந்தோம். 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லையும் தூத்துக்குடியும் நீரில் நின்றதை நாடறியும். பாதை திறந்ததும் ஜமாஅத் சார்பில் அரிசியும் போர்வையும் திரட்டினார்கள். வண்டிதான் கிடைக்கவில்லை. நாம் தயங்கி அத்தாவைப் பார்த்தோம். "பெட்டிய எறக்கு" என்றார். நான்கு பேர் சேர்ந்து அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டோம். வண்டி மூன்று நடை போய் வந்தது. நாம் ஒரு நடை. பெட்டி அதுவரை வாசலில் செங்கல் மேல் நின்றது. அத்தா அதற்குள் படுத்துக்கொண்டு, யார் எந்த வழியில் போக வேண்டும் என்று தொலைபேசியில் குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில்தான் அய்யனார் கோவில் பக்கம் சென்றோம். ஊரிலிருந்து மேற்கே முடங்கியார் சாலையில் போனால் மலையடிவாரம். அருவியும் ஆறும் உள்ள இடம் என்பதால் ஊரார் எல்லோரும் அந்தப் பக்கத்தை அப்பெயராலேயே சொல்வது வழக்கம். நம் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் அவ்வழியில்தான். இரவு தங்கலாம் என்று பிள்ளைகள் கனவு கண்டார்கள். அது ஆகாது. 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். யானை நடமாடும் காடு. மலையில் மழை பெய்தால் ஊரில் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் இறங்கிவிடும். அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட செய்தி ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிறது. ஆகவே காட்டு எல்லைக்கு முன்பே, தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் கேட்டு நிறுத்தினோம்.

மாமரங்கள் பூத்திருந்தன. பலகையைப் போட்டு அத்தாவை ஏற்றினோம். பின்கதவைத் திறந்து வைத்தால் படுத்தபடியே மலை முழுதும் தெரியும். விசிறி சுழன்றது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாம் படுத்துறங்கிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். புனேவுக்கு முன்னால் ஒரு மலை வளைவு. ஹூப்ளியில் ஒரு தாபா. சோலாப்பூரில் ஒரு பள்ளிவாசல் வாசல், அங்கே ஒரு மோதினார் போர்வை கொடுத்தாராம். நம் அக்கா பிறந்த செய்தி வந்தபோது சங்ககிரியில் டயர் மாற்றிக்கொண்டிருந்தாராம். ஒரு மாதத்தில் நான்கைந்து நாள் மட்டும் வீட்டில் இருந்தவரின் மீதி நாள்கள் எங்கே போயின என்று நாற்பத்தைந்து வயதில் அன்றுதான் கேட்டறிந்தோம்.

அஸர் நேரம் வந்தது. ஒளுவுக்குக் குழாயைத் திறந்தோம். அத்தா நம் கையைத் தம் இடக்கையால் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். காலையில்தான் கிரீஸ் அடித்திருந்தோம். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

"கிரீஸ் இருந்தா ஒளு கூடுமா அசரத்து?"

கேலியாகத்தான் கேட்டார். நாம் பாடத்தில் சொல்வதையே சொன்னோம். தண்ணீர் தோலைத் தொடாதபடி தடுக்கும் படலம் இருந்தால் நீக்கியாக வேண்டும், நிறம் மட்டும் ஏறியிருந்தால் பாதகமில்லை. அவர் தலையாட்டினார். "தேங்கா எண்ணெயப் போட்டு மரத்தூள்ல தேயி. முப்பது வருசம் அப்படித்தான் தொழுதேன்" என்றார். கிதாபில் இல்லாத பகுதி அது. இல்லத்தார் மறுநாளே தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பை மரத்தூள் வாங்கி வைத்தார்.

இவ்வூரிலிருந்து கிப்லா மேற்கே சற்று வடக்கு சாய்ந்தது. மலையை நோக்கித்தான் தொழ வேண்டும். அத்தா படுத்தபடி சைகையால் தொழுதார். நாம் மாஞ்சருகின் மேல் பாயை விரித்தோம். பேருந்தில் வந்து சேர்ந்த இல்லத்தாரும் மகளும் பின்னால் நின்றார்கள்.

திரும்பும் முன் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலைக் கேட்டார். லாரி நாள்களில் டயர்களைத் தட்டிப் பார்க்க வைத்திருந்த அதே சுத்தியல், பிடி மட்டும் மாறியிருக்கிறது. நாற்காலியில் வண்டியைச் சுற்றித் தள்ளிச் சென்றோம். இடக்கையால் தட்டினார். முன்னிரண்டும் ணங்கென்றன. வலப்பின்னும் அப்படியே. இடப்பின் சக்கரத்தில் ஓசை சற்று அமுங்கியது. நம் காதுக்கு வேற்றுமை தெரியவில்லை. "இன்னொரு தட்டு" என்று நம் கையில் சுத்தியலைக் கொடுத்தார். தட்டினோம். மீண்டும் தட்டினோம். மூன்றாம் முறைதான் கேட்டது. சிறிய ஆணி ஒன்று, டயரின் நடுக்கோட்டில், பளபளவென்று.

ஸ்டெப்னியை மாற்றினோம். அத்தா நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு நிமிடம் என்றார், தமக்கு ஒன்பதாம். செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு கணவாய் வழியாகப் புனலூர் வரை ஒரு முறை போய் வர வேண்டும் என்று வழியில் கேட்டார். ஏற்றம் அதிகம், குட்டி யானைக்குப் பதினாறு குதிரைதான், பட்டைகளின் புஷ் வேறு தேய்ந்திருக்கிறது என்றோம். அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "புஷ்ஷு நம்ம கைவேலதான்" என்றார். நாளை ஃபஜ்ருக்குப் பின் ஜாக்கி போடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.